அவுட்போர்டு எஞ்சினும் வள்ளத்து பேட்டரியும்: கரையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரிக் கடற்கரையில் 9.9 குதிரைத்திறன் எஞ்சின் மாட்டிய ஃபைபர் வள்ளங்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறேன். அரசாங்கக் கடிதத்தில் "வெளிப்பொருத்தும் இயந்திரம்" என்று இருக்கும், கரையில் அது வெறும் எஞ்சின்தான். இழுப்புக் கயிறு போட்டு ஸ்டார்ட் பண்ணும் 2-ஸ்ட்ரோக் எஞ்சின், ஒரு 12 வோல்ட் பேட்டரி, அதில் விளக்கு, ஜி.பி.எஸ்., ஆழமும் மீனும் காட்டும் எக்கோ சவுண்டர், வி.எச்.எஃப். ரேடியோ, போன் சார்ஜர் உள்ள வள்ளத்தை மனதில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன். தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் இதே எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான்.

என் எஞ்சினிலிருந்து பேட்டரி சார்ஜ் ஆகுமா, ஆகாதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். மேலே சுற்றும் கனமான சக்கரம்தான் பிளைவீல், அதற்கு அடியில் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவை சுற்றும்போது கீழே உள்ள காயில்களில் மின்சாரம் பிறக்கிறது. ஒரு காயில் பிளக்குக்குப் பொறி கொடுக்க, அது இந்த வகை எஞ்சின் எல்லாவற்றிலும் உண்டு. விளக்குக்கென்று இன்னொரு காயில், அதை லைட்டிங் காயில் என்பார்கள். இது சில மாடல்களில் கம்பெனியிலிருந்தே வரும், சிலவற்றில் வராது. வந்திருந்தால் எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு கம்பி எங்கும் போய்ச் சேராமல் மூடி போட்டுக் கிடக்கும். யமஹாவில் பெரும்பாலும் பச்சைக் கம்பி. பல பேர் அதைப் பத்து வருஷமாகத் தொடாமலே வைத்திருக்கிறார்கள்.

காயில் இல்லாவிட்டால் வாங்கி மாட்டலாம், காந்தங்கள் ஏற்கெனவே இருப்பதால் பெரும்பாலும் வேலை நடக்கும். ஆனால் பிளைவீலைப் புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவி போட்டுத்தான் கழற்ற வேண்டும். சுத்தியல் எடுப்பவரிடம் எஞ்சினைக் கொடுக்காதீர்கள்.

காயில் கம்பியை நேராக பேட்டரியில் கொடுத்தால் என்ன?

காயிலிலிருந்து வருவது ஏ.சி. பேட்டரிக்கு வேண்டியது டி.சி. நடுவில் ரெக்டிஃபையர் கட்டாயம். மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடு நான்கு சேர்ந்த சின்னப் பெட்டிதான் அது. பிளஸ், மைனஸ் மாற்றி ஒரே ஒரு நொடி தொட்டாலும் டயோடு போய்விடும். இருட்டில் பேட்டரி மாற்றுகிறவர்கள் செய்கிற முதல் தவறே இதுதான். பிளஸ் கம்பியின் நுனியில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசி வைத்திருக்கும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். கையில் டார்ச் அடித்தால் பளிச்சென்று தெரிகிறது. நல்ல யோசனை.

ரெக்டிஃபையருக்கும் ரெகுலேட்டருக்கும் என்ன வித்தியாசம்?

ரெக்டிஃபையர் ஏ.சி.யை டி.சி. ஆக்கும், அவ்வளவுதான். வோல்ட் எவ்வளவு ஏறினாலும் அதற்குக் கவலை இல்லை. ரெகுலேட்டர் இருந்தால் 14.5 வோல்ட் பக்கத்தில் பிடித்து நிறுத்தும்.

உங்களிடம் இருப்பது எது என்று தெரியாவிட்டால், பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது எஞ்சினைத் தண்ணீரில் வைத்து நல்ல வேகத்தில் ஓட்டி, பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். 14.5 பக்கம் நின்றால் ரெகுலேட்டர் இருக்கிறது. 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் இல்லை. கரையில் தண்ணீர் இல்லாமல் இந்தச் சோதனை வேண்டாம், குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் இம்பெல்லர் கருகிவிடும்.

ரெகுலேட்டர் இல்லாத எஞ்சினோடு 60, 80 ஆம்பியர்-மணி கொண்ட, தண்ணீர் ஊற்றும் பெரிய பேட்டரி இருந்தால் சமாளிக்கும் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-மணி). டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் அடிக்கடி பார்த்து ஊற்ற வேண்டியிருக்கும். சின்ன பேட்டரி தாங்காது. யு.பி.எஸ்.சில் வரும் 7 ஆம்பியர்-மணி சீல்டு பேட்டரியை ஒரு வள்ளத்தில் மாட்டி, இரண்டு மணி நேரம் முழு வேகத்தில் போய்வந்தார்கள். திரும்பி வந்தபோது பேட்டரி உளுந்தவடை மாதிரி உப்பியிருந்தது. பக்கச்சுவரைத் தொட்டால் சூடு. தப்பு பேட்டரியில் இல்லை, அந்த அளவுக்கு 6 ஆம்பியர் என்பது குழந்தைக்கு இலை நிறையச் சோறு போட்டது போல.

எஞ்சின் எவ்வளவு ஆம்பியர் கொடுக்கும்?

இந்தப் பக்கம் ஓடும் சின்ன 2-ஸ்ட்ரோக்குகளில் லைட்டிங் காயில் 60 முதல் 80 வாட். 80 வாட் என்றால் கிட்டத்தட்ட 6 ஆம்பியர், அதுவும் முழு வேகத்தில். வழக்கமாகப் போகும் வேகத்தில் 4, 5 வரும். ஐடிலில், அதாவது வள்ளம் போகாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது, 1 வந்தால் பெரிது. இதே குதிரைத்திறனில் சில 4-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் 10, 12 ஆம்பியர் வரை தரும்.

"அண்ணே, புது பேட்டரி போட்டு மூணு மாசம்கூட ஆகல, வலை வாங்குறதுக்குள்ள விளக்கு மங்கிடுது. பேட்டரிக்காரன் ஏமாத்திட்டானா?"

இதுதான் அதிகம் வரும் கேள்வி (வலை வாங்குவது என்றால் கடலில் விட்ட வலையை இழுத்து ஏற்றுவது). பேட்டரிக்காரர் மேல் பழி போடுவதற்கு முன்னால் ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போடுவோம்.

சாயங்காலம் 4 மணிக்குப் புறப்படுகிறீர்கள். ஒன்றரை மணி நேரம் ஓட்டம். வலையை விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்திவிட்டு நீவாட்டோடு, அதாவது கடல் நீரோட்டத்தோடு, ஒழுகிக் கிடக்கிறீர்கள். விடிவதற்கு முன் வலை வாங்கி, திரும்ப ஒன்றரை மணி நேரம் ஓட்டம். ஆக எஞ்சின் ஓடியது 3 மணி நேரம். மணிக்கு 4.5 ஆம்பியர் என்று வைத்தால் 13.5 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரி வாங்கிக்கொண்டதை எல்லாம் திருப்பித் தராது, அதில் 11 அல்லது 12 தான் கையில் நிற்கும். இது வரவு.

இப்போது செலவு. எல்.இ.டி. வழிவிளக்குகள் எல்லாம் சேர்ந்து 8 வாட், 11 மணி நேரம் எரிந்தால் 7 ஆம்பியர்-மணி. ஜி.பி.எஸ்.சோடு சேர்ந்த எக்கோ சவுண்டர் 0.8 ஆம்பியர், 14 மணி நேரத்துக்கு 11. வி.எச்.எஃப். வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாலே 0.4 ஆம்பியர், அது ஒரு 5 அல்லது 6. பேசும்போது 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆனால் யாரும் மணிக்கணக்கில் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பதில்லை என்பதால் விட்டுவிடலாம். வலை வாங்க 20 வாட் ஃபோகஸ் விளக்கு 3 மணி நேரம், அது 5. இரண்டு போன் சார்ஜ் 4. கூட்டினால் 32, 33 ஆம்பியர்-மணி.

வரவு 12, செலவு 33. ஒரு ராத்திரிக்கு 21 பற்று. 60 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் முதல் ராத்திரி தெரியாது, இரண்டாம் ராத்திரி முடிவில் 18 தான் மிச்சம், மூன்றாம் ராத்திரி பாதியில் விளக்கு மங்கும். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கி இறக்கி ஏற்றினால் அதன் ஆயுளும் சீக்கிரம் முடியும். மூன்று மாதத்தில் சாகாமல் என்ன செய்யும்?

பகலில் போய்ப் பகலில் வரும் வள்ளத்துக்கு இதே எஞ்சின், இதே பேட்டரி வருஷக்கணக்கில் பிரச்சினை தராது. ஏனென்றால் அங்கே விளக்கே இல்லை. பக்கத்து வள்ளத்தைப் பார்த்து "அவனுக்கு மட்டும் எப்படி நிக்குது" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அப்படியானால் அந்த 21-ஐ எங்கே குறைப்பது?

முதலில் செலவு. ஒழுகிக் கிடக்கும்போது எக்கோ சவுண்டரை அணைத்துவிடுங்கள், 9 மணி நேரத்துக்கு 7 ஆம்பியர்-மணி மிச்சம். இன்னும் பழைய இழை பல்பு வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். மூன்று 10 வாட் பல்புகள் ஒரு ராத்திரி முழுக்க எரிந்தால் அதற்கு மட்டுமே 27 ஆம்பியர்-மணி போகும், எஞ்சின் தருவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

வழிவிளக்கை மட்டும் அணைத்துச் சேமிக்காதீர்கள். மீன்பிடிக்கும் வள்ளம் சிவப்புக்குக் கீழே வெள்ளை காட்ட வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. விதியை விடுங்கள், குமரி முனையைச் சுற்றிப் போகும் சரக்குக் கப்பலுக்கு நீங்கள் இருப்பது தெரிய வேண்டும் அல்லவா. ஆபத்தில் கூப்பிடும் வி.எச்.எஃப். 16-ஆம் சேனலும் அப்படித்தான், அணைக்காதீர்கள்.

அடுத்தது வரவு. 50 வாட் சோலார் தகடு ஒன்று நம் வெயிலுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 12 ஆம்பியர்-மணி தரும். ராத்திரிக் கடலுக்குப் போகிற வள்ளம் பகலில் மணலில் சும்மா கிடக்கிறது, வெயில் இலவசம். 21-இல் 7 போய் 14, அதில் சோலார் 12 போனால் 2 தான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத ஊர்களில் அந்த ஒரு நாள் வெயிலே வாரத்துப் பாக்கியைத் தீர்த்துவிடும். மழைக்காலத்தில் இந்தக் கணக்கு நிற்காது, அப்போது வீட்டில் கொண்டுபோய் சார்ஜரில் போட வேண்டியதுதான்.

எஞ்சின் சார்ஜும் சோலாரும் ஒரே பேட்டரிக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். சோலாருக்கு அதன் கண்ட்ரோலர், எஞ்சினுக்கு அதன் ரெகுலேட்டர், இரண்டும் தனித்தனியாக பேட்டரி முனைக்கு வந்து சேரட்டும். பேட்டரி நிறைந்ததும் இரண்டும் தானாக ஒதுங்கிக்கொள்ளும். கண்ட்ரோலர் இல்லாமல் தகட்டை நேராகக் கொடுக்காதீர்கள்.

நிறுத்தி வைத்துவிட்டு ஐடிலில் ஓட்டி சார்ஜ் ஏற்றலாமா?

வேண்டாம். மணிக்கு 1 ஆம்பியருக்காக எண்ணெய் எரித்து, பிளக்கில் கரி பிடிக்க வைப்பதுதான் மிச்சம்.

சார்ஜ் ஏறினால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகுமா?

9.9 குதிரைத்திறன் என்பது ஏறக்குறைய 7,400 வாட். அதில் 80 வாட் என்பது நூற்றில் ஒரு பங்கு. அளந்து பார்த்தாலும் தெரியாது.

மல்டிமீட்டர் வாங்கினேன். எதைப் பார்ப்பது?

எஞ்சின் நின்று, எல்லாவற்றையும் அணைத்து, மூன்று நான்கு மணி நேரம் சும்மா விட்டபின் பேட்டரி முனையில் வையுங்கள். ஈய பேட்டரியில் 12.7 என்றால் நிறைந்திருக்கிறது. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால், 11.8 என்றால் ஒன்றுமில்லை. கரை சேர்ந்த உடனே பார்த்தால் 13 காட்டும், அது பொய். சார்ஜ் ஏறின சூடு ஆறாத எண் அது.

எஞ்சின் ஓடும்போது 13.5-க்கு மேல் ஏறினால் சார்ஜ் வருகிறது. நின்றபோது இருந்த அதே 12.3-இலேயே நின்றால் எங்கோ அறுந்திருக்கிறது.

சார்ஜ் வரவில்லை. காயில் மாற்றணுமா?

காயிலை மாற்றுவதற்கு முன்னால் கம்பியைப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு வள்ளத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது, வேறொரு கடையில் ரெக்டிஃபையரும் புதிதாகப் போட்டிருந்தார்கள். எஞ்சினை ஓட்டி ரெக்டிஃபையர் பக்கம் அளந்தால் 14.1. பேட்டரி முனையில் 12.9. நடுவில் 1.2 வோல்ட் எங்கே போனது? ஃபியூஸ் பிடியில் இல்லை, டெர்மினலில் இல்லை. பிளஸ் கம்பியின் நுனியில் மாட்டிய உலோக வளையம், அதாவது லக், வெளியே பார்க்கப் பளபளவென்று இருந்தது. சந்தேகப்பட்டு ஒரு சாண் தூரம் பிளாஸ்டிக் உறையை உரித்தேன். உள்ளே செம்பு செம்பாகவே இல்லை. கறுப்பும் பச்சையுமாக, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. உப்புத் தண்ணீர் லக் வழியாக நுழைந்து, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல இழைகளுக்கு நடுவே ஏறிப்போயிருக்கிறது. 40 சென்டிமீட்டர் வெட்டி எறிந்த பிறகுதான் சிவந்த செம்பு தெரிந்தது. கம்பியை மாற்றினோம், 14 வந்துவிட்டது. செலவு ஒரு பேட்டரி விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால் சோதனை இப்படி: எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனை ரெக்டிஃபையரின் சிவப்பில், மறுமுனை பேட்டரியின் பிளஸ்ஸில். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் கம்பி நல்லது. மைனஸ் பக்கமும் இதே போல. இது சரியாக இருந்தும் சார்ஜ் இல்லையென்றால், எஞ்சினை நிறுத்தி டயோடுகளைச் சோதியுங்கள்: ஒரு பக்கம் 0.5 போல ஓர் எண் காட்டி, முனைகளை மாற்றினால் எதுவும் காட்டாமல் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் காட்டினாலோ, இரண்டு பக்கமும் காட்டாவிட்டாலோ ரெக்டிஃபையர் போச்சு. காயில் கடைசி. அது அபூர்வமாகத்தான் கெடும்.

எவ்வளவு தடிமன் கம்பி?

எஞ்சின் பின்பக்கம், பேட்டரி முன்பக்க அணியத்தில் என்றால் போகவர 10 மீட்டர் கம்பி ஆகும். வீட்டு ஒயரிங் மிச்சத்தில் இருந்த 1 சதுர மி.மீ. கம்பியை இழுத்தால், 6 ஆம்பியரில் 1 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 2.5 போட்டால் 0.45 வோல்ட். 6 போட்டால் 0.2-க்கும் கீழே. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் என்பது பெரிய விஷயம், 230 வோல்ட் வீட்டில் அது தூசு. எலக்ட்ரீஷியன்கள் பலருக்கு இந்த இடத்தில்தான் கை தவறுகிறது.

முடிந்தால் ஈயப்பூச்சு போட்ட செம்புக் கம்பி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லக்கை அழுத்திப் பிடித்தபின், உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சுருக்குங்கள். வெறும் இன்சுலேஷன் டேப் கடலில் மூன்று வாரம் தாங்காது.

ஃபியூஸ் எங்கே, எத்தனை?

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள். 80 வாட் காயில் சார்ஜ் கம்பிக்கு 10 ஆம்பியர் போதும். எஞ்சின் பக்கம் மட்டும் ஃபியூஸ் போட்டால் பயனில்லை, கம்பி நடுவில் உரசி ஷார்ட் ஆனால் தீ வைப்பது பேட்டரிதான், எஞ்சின் அல்ல. பக்கத்தில் பெட்ரோல் கேன் இருப்பதை மறக்க வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றலாமா?

கூடாது. பேட்டரிதான் காயில் தருவதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சு. அதை எடுத்துவிட்டால் வோல்ட் தாறுமாறாக ஏறும். ரெக்டிஃபையர் போகும், அதோடு ஜி.பி.எஸ்.சும் போகலாம். டெர்மினல் நட்டு லூசாகி அலைக்கு அலை தொட்டு விட்டுத் தொட்டாலும் இதே கதை. இரண்டு பேட்டரிக்கு நடுவே மாற்று ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள், ஓட்டத்தில் அதை 'ஆஃப்' வழியாகத் திருப்பக் கூடாது.

பேட்டரியே வேண்டாம், காயிலிலிருந்து நேராக விளக்கு எரிக்கிறேன். சரியா?

இழை பல்பு எரியும், முன்பு அப்படித்தான் செய்தார்கள். எல்.இ.டி. மினுக்கும், வேகம் கூடினால் வோல்ட் ஏறிக் கருகும். எஞ்சினை நிறுத்தினால் இருட்டு, அதுதான் பெரிய குறை.

பேட்டரி செத்துப்போனால் எஞ்சின் நின்றுவிடுமா?

கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சாதாரண 2-ஸ்ட்ரோக் நிற்காது, பொறிக்குத் தனிக் காயில் இருக்கிறதே. செல்ஃப் ஸ்டார்ட் எஞ்சின் என்றால் ஸ்டார்ட்டுக்கு ஒரு பேட்டரி, விளக்குக்கு வேறொரு பேட்டரி என்று பிரித்துவிடுங்கள். எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் உள்ள பெரிய எஞ்சின்களுக்கு பேட்டரி இல்லாமல் ஓட்டமே இல்லை.

லித்தியம் பேட்டரி போடலாமா? எடை குறைவு என்கிறார்களே.

எடை குறைவுதான், முக்கால்வாசிக்கு மேல் இறக்கினாலும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் பழைய எஞ்சினில் அப்படியே மாட்டாதீர்கள். ஈய பேட்டரி நிறைய நிறைய ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கடைசி வரை கொடுப்பதை எல்லாம் வாங்கிக்கொண்டே இருக்கும், காயிலுக்கு ஓய்வே இல்லை. நிறைந்ததும் அதன் உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு சட்டென்று துண்டிக்கும். ஓட்டத்தில் கம்பியைக் கழற்றியது போலத்தான் அது, மேலே சொன்ன விளைவெல்லாம் வரும். எஞ்சின் பக்கம் ஓர் ஈய பேட்டரியை வைத்துக்கொண்டு, அதற்கும் லித்தியத்துக்கும் நடுவில் ஆம்பியரை அளவாக விடும் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று வைத்தால் சரியாகும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சோலாரில் மட்டும் ஏற்றுவதென்றால், லித்தியத்துக்கு ஏற்ற கண்ட்ரோலரோடு தாராளமாகப் போடலாம்.

பேட்டரியை வள்ளத்தில் எங்கே வைப்பது?

அடித்தண்ணீர் தொடாத உயரத்தில், மூடி உள்ள பெட்டியில், அசையாமல் கட்டி. மூடியில் காற்றுப் போக வழி இருக்கட்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்குள் கடல்தண்ணீர் போனால் குளோரின் வாயு வரும், அது நெஞ்சை அடைக்கிற சமாச்சாரம். அலை மேலே ஏறும் வள்ளத்துக்கு சீல்டு பேட்டரியே நல்லது, ரெகுலேட்டர் இருந்தால் மட்டும்.

எஞ்சினின் கீழ்ப்பகுதி அலுமினியம் அரித்துப் போகிறது. பேட்டரிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். பேட்டரி மைனஸ் எஞ்சின் உடம்போடு சேர்ந்திருக்கும். எங்காவது உரிந்த கம்பியிலிருந்து மின்சாரம் வழிதவறித் தண்ணீர் வழியாகக் கசிந்தால், உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ள எஞ்சினில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி வழக்கத்தைவிட வேகமாகக் கரைந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். கரை வந்ததும் பேட்டரி ஸ்விட்சை அணைக்கும் பழக்கம் இருந்தால் பாதி தொல்லை குறையும்.

கடல் சீற்றம், மழைக்காலம் என்று இரண்டு மாதம் வள்ளத்தைக் கரையேற்றி வைத்தால்?

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் முழுதாக ஏற்றி வையுங்கள். மாதம் ஒருமுறை மறுபடி ஏற்றினால் போதும். பாதி இறங்கிய நிலையில் இரண்டு மாதம் மணலில் விட்டால் தகடுகளில் வெள்ளையாகச் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், அதன்பின் எந்த சார்ஜரும் எழுப்பாது. சிமெண்டுத் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று பலகை தேடி அலைய வேண்டியதில்லை. இப்போது வரும் பிளாஸ்டிக் பெட்டிக்கு அது பொருந்தாது. என் அப்பா கடைசிவரை அதை நம்பவில்லை, எங்கள் வீட்டில் பேட்டரிக்கென்றே ஒரு பலாப் பலகை இருந்தது.